வாப்பாவின் சம்மதம்

2025 ஏப்ரல் 22, செவ்வாய்

இன்றைக்கு வாப்பா என்னை வேலைக்காரியாக்கிவிட்டார். காலையில் இடியப்பம் வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புள்ள, ஒன்ன ஆரு இஞ்ச வேலைக்கி வெச்ச?" என்றார். சம்பளம் தருகிறார்களா என்றும் விசாரித்தார். இல்லை என்றேன்.

"அப்ப என்னத்துக்கு நிக்காய்? ஒன்ட ஊட்ட போ."

நல்ல கேள்விதான்.

அல்ஸைமர் என்று டொக்டர் பெயர் சொல்லி இரண்டு வருடம் நான்கு மாதம். உம்மா மௌத்தாகி ஐந்து வருடம். வாப்பா முப்பத்தொரு வருடம் கல்முனை பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். என் பெயர் போய்விட்டது, அக்கரைப்பற்று பஸ் புறப்படும் நேரம் மட்டும் போகவில்லை. நாளைக்கு இருபது தடவை கேட்பார், "பஸ் போயிட்டா?" போயிட்டு வாப்பா. பாலர் பாடசாலை வேலையை விட்டுவிட்டு நான் இப்போது பார்க்கும் உத்தியோகம் இதுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதலாமா, வேண்டாமா? எழுதுகிறேன். இந்தக் கொப்பியைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

வாப்பாவுக்கு மருந்து தருகிற முபீன் இன்று கேட்டுவிட்டார். பார்மசியில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, வாப்பாவின் குளிசைப் பெட்டியில் வேளை எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல். "இன்ஷிரா, நான் ஒங்கள நிக்காஹ் செய்ய விரும்புறன். ஆரோட கதைக்கோணும்?"

எனக்கு முப்பத்தொன்பது வயது. அவருக்கு நாற்பத்தாறு. பெண்சாதி மௌத்தானவர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு பாலமுனையில் அவள் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறார். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. ஆகவே நான் எங்கும் போகத் தேவையில்லை. அதையும் அவரே சொன்னார். "வாப்பாவ விட்டுட்டு வாங்க எண்டு நான் கேக்கல்ல. நான்தானே வாறன்."

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். தலையில் நரை. பரவாயில்லை, அவர் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தானே கேட்டார்.

மே 4, ஞாயிறு

றிம்சான் காக்கா வந்தார். மருதமுனையில் மதினி றம்ஸியாவின் வீட்டிலிருந்து இங்கே சாய்ந்தமருதுக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம். என் கூடப்பிறந்த ஒரே ஆளுக்கு அது மாதத்துக்கு ஒருமுறைப் பயணம்.

முபீனைப் பற்றிச் சொன்னேன். நிக்காஹில் பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பு, வொலி, தகப்பனுடையது. தகப்பனுக்குப் புத்தி சரியில்லாவிட்டால் சகோதரனுக்கு வரும். காக்கா வந்து நின்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார். "வாப்பா ஹயாத்தோட இரிக்கக்குள்ள நான் எப்பிடி வொலியா நிக்கிற?"

"வாப்பாக்கு மறதி வருத்தமெல்லோ காக்கா."

"அப்ப வாப்பாக்குப் பைத்தியம் எண்டு எழுதிக் குடுக்கச் செல்றியா? மானம் மரியாத எண்டு ஒண்டு இரிக்கி புள்ள."

மானமாம். போன மாதம் வாப்பா சாறன் இல்லாமல் வீதிக்குப் போனபோது பின்னால் ஓடியது நான். அந்த நேரம் மானம் மருதமுனையில் பொரித்த மீனோடு சோறு தின்றுகொண்டிருந்தது.

போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்தார். ஓடு மாற்ற வேண்டும் என்றார். விளங்கிவிட்டது. எனக்குக் கலியாணம் நடந்தால் வழக்கப்படி வீடு எனக்கென்று ஆகிவிடும், ஊர் முன்னால் பங்கு கேட்க அவருக்கு வாய் வராது. நடக்காவிட்டால் வாப்பாவுக்குப் பிறகு அவருக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒன்று.

மே 5

தானும் படுக்க மாட்டார், தள்ளியும் படுக்க மாட்டார்.

மே 19, திங்கள்

கிளினிக். டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். நிக்காஹ் விஷயங்களுக்குத் தீர்ப்புச் சொல்கிற காதியாருக்குக் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்றேன். காரைதீவுப் பெண், என்னை விட வயது குறைவு. அவசரப்படாமல் வாப்பாவிடம் கேட்டா.

இது என்ன வருடம்? தொண்ணூற்றிரெண்டு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? சாப்பிடவில்லை. (இரண்டு பாண் துண்டும் முட்டையும்.) என்னைக் காட்டி, இவர் யார்? "நேர்ஸ்."

டொக்டர் எழுத எழுத எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாப்பா ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லாதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 7, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

காக்கா குடும்பத்தோடு வந்தார். நாற்பது நிமிடம் இருந்தார். காக்காவைக் கண்டதும் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், கைகொடுத்தார், "வா மகன்" என்றார். மகன்! மாதத்தில் ஒரு நாள் வருகிறவருக்கு மகன். தினமும் குண்டி கழுவுகிறவள் வேலைக்காரி, இல்லாவிட்டால் நேர்ஸ்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் புள்ள எனக்குச் சோறு தாறல்ல மகன்" என்றார். மதினி எழுந்துபோய் அடுப்படியில் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தா.

"வாப்பா நல்லாத்தானே இரிக்கார்" என்றார் காக்கா.

ஜூன் 22, ஞாயிறு

காதியார் வீட்டு விறாந்தை. நான், வாப்பா, காக்கா, முபீன். டொக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். காதியார் வாசித்து மடித்து வைத்தார். "இது மருந்துக்கு எழுதின கடிதம். நானும் ஒருக்காக் கேட்டுப் பாக்கிறன்."

"ஒங்கட பேரென்ன?"

"அச்சிமுகம்மது."

"என்ன தொழில் செஞ்ச?"

"டைம் கீப்பர். கல்முன." பிறகு காதியாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ ஆதம்பாவாட மகனெல்லோ? ஏழு பத்து பஸ்ஸில பள்ளிக்கூடம் போவாய். ஒரு நாளும் நேரத்துக்கு வந்தாயில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். காதியார்தான் அதிகம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது என்ன வருடம் என்று கேளுங்கள், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவர் கேட்கவில்லை. என்னைக் காட்டினார்.

"இது ஆரு?"

நான் துஆக் கேட்டேன். தெரியாது என்று சொல்லுங்க வாப்பா. நேர்ஸ் என்று சொல்லுங்க. வேலைக்காரி என்று சொல்லுங்க, நான் கோபிக்க மாட்டேன்.

"என்ட மகள். இன்ஷிரா."

ஒன்றரை வருடமாக அந்த வாயிலிருந்து வராத பெயர். எத்தனை நாள் அதற்காக ஏங்கியிருப்பேன். இன்றைக்கா வர வேண்டும்?

"மகளுக்கு இவர் மாப்புள கேட்டு வந்திரிக்கார். குடுக்கிறீங்களா?"

வாப்பா முபீனைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், தெளிவாக.

"குடுக்க மாட்டன். இவளக் குடுத்தா எனக்கு ஆரு சோறு தாற?"

காக்கா குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான், வேறு எதற்கு?

வாப்பாவுக்குப் புத்தி இருக்கிறது, அவர்தான் வொலி என்று சொல்லிவிட்டார் காதியார். எழும்பும்போது என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னார். "மகள், வொலி நியாயமில்லாமத் தடுக்கிறார் எண்டா அதுக்கும் சட்டத்தில வழி இரிக்கி. ஆனா நீங்க வாப்பாட மேல எழுத்தில முறைப்பாடு தரோணும். யோசிங்க."

வரும்போது திரீவீலில் வாப்பா கேட்டார், "புள்ள, நீ எங்க எறங்கோணும்?"

ஜூன் 23, திங்கள்

காலையில் வாப்பா சாறனை நனைத்துவிட்டார். கண்டேன். மாற்றவில்லை. எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணித்தியாலம், மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து.

"குளிருது புள்ள" என்றார்.

"ஒங்கட மகளக் கூப்புடுங்க! நேத்து அவள்ற பேரு தெரிஞ்சிதே, இன்டக்கித் தெரியாதா?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுச் சபியா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

பிறகு மாற்றினேன். தொடை சிவந்துபோயிருந்தது. கழுவிப் பவுடர் போட்டேன். யா அல்லாஹ், நான் இப்படிப்பட்டவள் இல்லை. அழுதேன். ஆனால் கோபம் போகவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு கிழமை யோசித்தேன். வாப்பா மேல் முறைப்பாடு. என்ன எழுதுவது? வருத்தக்காரர் தெரியாமல் சொன்ன ஒரு சொல்லுக்கு முறைப்பாடா? அப்படித்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் வேறு மாதிரிப் போனது.

2009இல் நிந்தவூர் ஆசிரியர் ஒருவர் வந்தார். குடும்பம் சரியில்லை என்றார் வாப்பா. 2013இல் கட்டாரில் வேலை பார்த்தவர், அக்கரைப்பற்று. மாப்பிள்ளை கறுப்பு என்றார். 2017இல் ஒருவர் வந்தபோது உம்மாவுக்கு நடக்க ஏலாது. உம்மா கட்டிலில் கிடந்தபடியே, "புள்ளட காலம் போகுது, குடுங்க" என்று அழுதா. வாப்பா என்ன சொன்னார்? "இவளும் புருஷன், புள்ளக்குட்டி எண்டு திரிஞ்சா ஒன்ன ஆரு பாக்கிற?"

அப்போது அவருக்கு மறதி இல்லை. பஸ் ஒரு நிமிடம் பிந்தினாலும் சத்தம் போட்ட காலம்.

இத்தனை நாளும் வருத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். வருத்தம் என் பெயரைத் தின்றது. உம்மாவின் முகத்தைத் தின்றது. சட்டைப் பொத்தான் பூட்டுவதைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் அது தொடவில்லை. அன்றைக்குக் காதியார் முன்னால் கதைத்தது வருத்தம் இல்லை. வாப்பாவேதான்.

மூன்று பக்கம் வந்தது. கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8

காக்கா கோல் எடுத்தார். "பெத்த வாப்பாட மேல வழக்கா? ஊர் காறித் துப்பும்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா என்றேன். காக்காவின் குரல் மாறியது. "செரி, வாப்பாக்குச் சொகமில்லதான். நானே காதியார்ட்டச் செல்றன். வொலியாவும் நிக்கிறன். நீ முறைப்பாட்ட வாபஸ் எடு. ஊட்டுப் பங்க மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிக்குவம்."

மே மாதத்தில் பைத்தியம் என்று சொல்வது மானக்கேடு. ஜூலையில் பங்கு கிடைத்தால் சொல்லலாம். ஃபோனை வைத்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இரண்டாவது விசாரணை. காக்கா வரவில்லை. காதியார் மூன்று பக்கத்தையும் சத்தமாக வாசித்தார். வாப்பா யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். 2017 வந்தபோது, "பாவம் அந்தப் புள்ள" என்றார்.

வொலியின் சம்மதம் தேவையில்லை என்று காதியார் தீர்ப்பு எழுதினார். தானே முன்னின்று முடித்து வைப்பதாகச் சொன்னார்.

வெளியே வந்து முபீன் சொன்னார், "வாப்பாட்ட நான் கோவமில்ல. பயத்துல செல்லிட்டார்."

"எனக்குக் கோவம்தான்" என்றேன். அவர் வாப்பாவைக் கைபிடித்துத் திரீவீலில் ஏற்றினார்.

ஆகஸ்ட் 14

புதுப் புடவை எடுத்தேன். கடைக்காரப் பிள்ளை, மகளுக்கா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. காதியார், இரண்டு சாட்சிகள், முபீனின் மகள் நுஸ்ஹா, சபியா உம்மா. அவ்வளவுதான் கூட்டம். காக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். வரவில்லை.

நான் அறைக்குள் இருந்தேன். கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் காதியார் முபீனின் கையைப் பிடித்து, அச்சிமுகம்மதுவின் மகள் இன்ஷிராவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தருகிறேன் என்றார். முபீன் ஏற்றுக்கொண்டார். வாப்பா வெள்ளைச் சட்டையோடு பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். பதிவுப் புத்தகத்தில் காதியார் கையெழுத்து, முபீன் கையெழுத்து, சாட்சிகள் கையெழுத்து. வாப்பா போடவில்லை. பெண் கையெழுத்து வைக்க அதில் இடமே இல்லையாம். எங்கள் இருவரையும் தவிர எல்லோரும் போட்டார்கள்.

ஆட்கள் போன பிறகு வாப்பாவுக்கு வட்டிலப்பம் ஊட்டினேன். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். வாயைத் துடைத்துவிட்டபோது கேட்டார்.

"இன்டக்கி ஆருக்குக் கலியாணம்?"

"ஒங்கட மகளுக்கு வாப்பா."

"மாஷா அல்லாஹ்." தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதர் தோரணையில், "நான்தானே குடுத்தன்?" என்றார்.

நுஸ்ஹா என்னைப் பார்த்தாள். ஓம் என்று சொல்லிவிடு என்பதுபோல. இந்த வீட்டில் நாளைக்கு நூறு பொய் சொல்கிறவள் நான். உம்மா கடைக்குப் போயிருக்கிறா, பஸ் போய்விட்டது, நாளைக்கு வேலைக்குப் போகலாம். இன்னொன்று சொல்வதற்கு என்ன?

"இல்ல வாப்பா" என்றேன். "நீங்க குடுக்கல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதுபோல இருந்தது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அரை நிமிடத்தில் அதுவும் போய்விட்டது. இன்னொரு துண்டு வட்டிலப்பம் கேட்டார். முபீன் அடுப்படிக்குப் போய் எடுத்து வந்தார்.