ஐம்பத்து மூணு பல்லுப் பெருமை

திருப்பூர்,
டிசம்பர் 18.

மாமாவுக்குக் கோமளா எழுதறது.

நானும் பொண்ணு அக்ஷராவும் சௌக்கியம். உங்க சைக்கிளும் சௌக்கியமுங்க. நீங்க மொதல்ல அதைத்தான் கேப்பீங்கன்னு தெரிஞ்சு மொதல்லயே எழுதிப்போட்டேன்.

போன் இருக்கறப்ப லெட்டர் எதுக்குன்னு நெனைப்பீங்க. நான் அனுப்பற வாய்ஸ் மெசேஜை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிக் கேக்கற மனுசனுக்கு வேற எப்படிங்க சொல்றது? அதனால காலர் சாம்பிள் பார்சல்ல, ரிப் துணிக்கும் பட்டன் அட்டைக்கும் நடுவுல இதை வெச்சு அனுப்பறேன். நீங்க இருக்கற ஒடிசாப் புது யூனிட்டுல சாம்பிள் பார்சலை உங்களைத் தவிர ஒருத்தரும் பிரிக்கக் கூடாதுன்னு நீங்களே சட்டம் போட்டிருக்கறீங்க. நல்லதாப் போச்சு.

மொதல்ல கம்பெனி சேதி. ஊருக்குப் போன பீகார் பசங்க முக்கால்வாசிப் பேர் திரும்பிட்டாங்க. நிட்டிங்ல மூணாவது மெஷின் திரும்பவும் ஊசி ஒடிச்சுது, ஃபிட்டர் வந்து பாத்துட்டுப் போனார். பொங்கலூர்த் தோட்டத்துல மோட்டார் சரியாயிருச்சு. மூலனூர்ல இருந்து உங்க அக்கா ஒரு மூட்டை முருங்கைக்காய் அனுப்பியிருக்கறாங்க. மூணு நாளா எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் சாப்பாடு.

இனி உங்க சேதிக்கு வர்றேன். பொங்கல் லீவுல கோத்தகிரி மலை ஏறப் போறோம், கோயமுத்தூர்ல இருந்து சாமான் பெட்டி வரும், சைக்கிளை அருண்பாண்டி கடையில விட்டு முன்னாடி அம்பத்து மூணு பல்லுத் தட்டு, பின்னாடி இருபத்தஞ்சு பல்லுச் செட்டு மாத்தச் சொல்லுன்னு மெசேஜ் போட்டிருந்தீங்க. கடைசியில பெரிய எழுத்துல, அவன் வேற எதாச்சும் சொன்னா கேக்காதேன்னு ஒரு வரி. பெட்டி வந்துச்சுங்க. சைக்கிளையும் கொண்டுபோய் விட்டேன். அவரும் வேறதான் சொன்னார். நான் கேட்டேன்.

அருண்பாண்டி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நம்மகிட்ட கட்டிங் மாஸ்டரா இருந்தப்பவே அளவு தெரிஞ்ச ஆளு. சைக்கிள் கடை போட்ட பின்னாடியும் அந்தப் புத்தி மாறலை. ஏனுங்க, இந்தப் பல்லுக் கணக்கு என்னன்னு கேட்டேன். மிதி ஒரு சுத்து சுத்தினா பின்சக்கரம் எத்தனை சுத்துது, அவ்வளவுதான் அக்கா சங்கதின்னார். உங்க அம்பத்து மூணோட சோடியா வர்ற சின்னத் தட்டுக்கு முப்பத்தொம்போது பல்லு. மேட்டுல அதைப் போட்டாலும், பின்னாடி பெரிய சக்கரம் இருபத்தஞ்சுன்னா, ஒரு மிதிக்கு ஒண்ணரைச் சுத்துக்கும் மேல. அத்தனை கனத்தையும் காலு தள்ளணும். இப்ப உங்க சைக்கிள்ல முன்னாடி இருக்கற சின்னத் தட்டு முப்பத்து நாலு. பின்னாடியும் முப்பத்து நாலு போட்டா ஒரு மிதிக்கு ஒரே சுத்து. மெதுவாத்தான் போகும், ஆனா கால் லேசாச் சுத்தும், மூச்சு முட்டாது. பல்லடம் ரோட்டுல காத்து தள்ளிவிட வேகமாப் போறவங்களுக்கு அம்பத்து மூணு சரி. மலைக்குப் போறவன் மலையையும் பாக்கணும், தன் ஒடம்பையும் பாக்கணும்னார். அஞ்சு நிமிசத்துல வெளங்கிருச்சு. ரெண்டு வருசமா நீங்க இங்கிலீஷுல பேசினப்ப ஒண்ணும் வெளங்கலை.

எனக்கு வெளங்காம இருக்குமுங்களா? தடிச்ச இருபதாம் கவுண்ட் நூலைக் கொண்டுபோய், ஊசி நெருக்கமா இருக்கற இருபத்தெட்டு கேஜ் மெஷின்ல ஏத்தினான்னு போன வருசம் ஃபிட்டரை என்ன பேச்சுப் பேசினீங்க. நூலுக்கு ஏத்த மெஷின் பாக்கத் தெரியாதவன் எல்லாம் எதுக்குடா வேலைக்கு வர்றீங்கன்னு அந்த வீதியே கேக்கக் கத்தினீங்க. நாப்பத்தாறு வயசு, எம்பத்தாறு கிலோ, நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்டென்ட். இந்த நூலை எந்த மெஷின்ல ஏத்தறதுன்னு அந்த ஃபிட்டரைக் கேட்டாக்கூடச் சரியாச் சொல்லுவாருங்க.

ஆனா உங்களுக்கு அது கேள்வியே இல்லை. உங்களோட சைக்கிள் ஓட்டற சாமியப்பன் அண்ணன் அம்பத்து மூணு வெச்சிருக்கறார், அதனால நீங்களும் வெக்கணும். நம்ம ஊரு மொதலாளிங்க புத்தியே அதுதானுங்க. ஒருத்தர் ஜெர்மன் மெஷின் எறக்கினா அந்த வீதியே ஜெர்மன் மெஷின் எறக்கும். எந்தத் துணிக்கு, எந்த ஆர்டருக்குன்னு ஒரு நாதி கேக்காது. நம்ம மேல்மாடியில ஒண்ணு பிளாஸ்டிக் கவரோட நிக்குதே, அதைத் தொடைக்கறதுக்கு வாரம் ஒரு ஆளு. இப்ப அதே புத்தியைக் காலுலயும் மாட்டிக்கிட்டீங்க.

முன்னூறு கிராம் கம்மியான சக்கரம்னு ஒண்ணு வாங்கிட்டு வந்து ஊடு பூரா தூக்கித் தூக்கிக் காட்டினீங்க. வயித்துல பதினாறு கிலோ தொங்குது மாமா. அதை எந்தக் கடையில கழட்டறாங்கன்னு யாராச்சும் சொன்னாத் தேவலை. கூட்டாளிங்க நாலு பேரும் ஒரே மாதிரி ஒட்டற சட்டை, ஒரே மாதிரி கருப்புக் கண்ணாடி, முப்பது கிலோமீட்டர் போயிட்டு வந்து ஆளுக்கு ரெண்டு நெய் ரோஸ்ட். இதுக்குப் பேரு உடற்பயிற்சி.

இதையெல்லாம் சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஏப்ரல் மாசம் ஒண்ணு நடக்காம இருந்திருந்தா. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில படுத்திருந்த ஆறு நாளும், ஒடிசாவுல எடம் பாக்கப் போயிருக்கறார்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். பெத்த பொண்ணுகிட்டயே சொன்னேன். அப்பா எனக்கு என்ன வாங்கிட்டு வருவார்னு அவ கேட்டா; ஆஸ்பத்திரி வாசல் கடையில ஒரு பொம்மை வாங்கி, ஒடிசாப் பொம்மைன்னு குடுத்தேன். பதினாறு வயசுப் பொண்ணுக்குப் பொம்மை! இந்தத் தடவை நெஜமாவே ஒடிசா போறேன்னு நீங்க பொட்டியைத் தூக்கினப்ப திரும்பவும் ஆஸ்பத்திரியோன்னு டிக்கெட்டை வாங்கிப் பாத்தேன். விமானம் எறங்கினதும் நீங்க போட்டோ அனுப்பற வரைக்கும் போனைக் கையை விட்டுக் கீழ வெக்கலை.

போன வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உங்க வாட்ஸப் தெறந்தே கெடந்துச்சுங்க. பாத்தேன், பாக்காம என்ன. பின்னாடி முப்பத்து நாலு பல்லு வெச்சு மலை ஏறறவன் சேலை கட்டிட்டு வரணும்னு சாமியப்பன் அண்ணன் போட்டிருக்கறார். மத்த ரெண்டு கூட்டாளிங்க நித்தீஷும் குகனும் கை தட்டியிருக்கறாங்க. நீங்க மூணு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கறீங்க. சிரிங்க. ஐசியூ வாசல்ல ஆறு நாள் இரும்பு நாற்காலியில உக்காந்திருந்தது சேலை கட்டினவதான். அப்ப இந்த அம்பத்து மூணு பல்லுக்காரங்க ஒருத்தரையும் அந்தப் பக்கம் காணலை. சொன்னாத்தானே வருவாங்கன்னு சொல்லுவீங்க. அதையும் நீங்கதான் மறைச்சீங்க.

இனி நான் பண்ணினதைச் சொல்றேன். பெட்டியில வந்ததை மாத்த வேண்டாம், பின்னாடி முப்பத்து நாலு போடுங்கன்னு அருண்பாண்டிகிட்டச் சொன்னேன். மொதலாளி அண்ணன் வாயால சொல்லாம கை வெக்க மாட்டேன்க்கா, பொறவு கடைக்கு வந்து சத்தம் போடுவாகன்னு பின்வாங்கினார். வேற வழியில்லாம ஸ்டென்ட் வெச்சதைச் சொல்லிட்டேனுங்க. எட்டு மாசமாக் காப்பாத்தின ரகசியம், ஒரு ஸ்பேனருக்காக வெளிய வந்துச்சு.

அவர் ஸ்பேனரைக் கீழ வெச்சார். கையைத் தொடைச்சுட்டு, வேலை மேசைக்கு அடியில இருந்து மூணு அட்டைப் பெட்டியை இழுத்து வெச்சார். ஒவ்வொண்ணுலயும் ஒரு பேரு. சாமியப்பன். நித்தீஷ். குகன். உள்ள பெரிய தட்டும் இருபத்தஞ்சு பல்லுச் செட்டும், கழட்டி எண்ணெய் போட்டுக் கட்டி வெச்சது. ஆமாங்க மாமா. நீங்க ஊருல இல்லாத இந்த ஒரு மாசத்துல மூணு பேரும் தனித்தனியா வந்து முப்பத்து நாலு மாத்திட்டுப் போயிருக்கறாங்க. சாமியப்பன் அண்ணனுக்கு முட்டி தேஞ்சு போச்சாம். மத்த ரெண்டு பேருக்கும் போன வருசம் மலையில நாக்குத் தள்ளினது மறக்கலை. மூணு பேரும் சொல்லிட்டுப் போனது ஒரே வார்த்தைதானாம்: மத்தவங்களுக்குத் தெரியக் கூடாது.

ஓட்டல்ல கூடி, யாரும் ரேட்டைக் கொறைக்க மாட்டோம்னு கை தூக்கிட்டு, கார்ல ஏறினதும் துணி வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு ரேட்டைக் கொறைச்சு மெயில் போடற கூட்டம்தானே. எனக்கு ஆச்சரியமே இல்லை. கடைக்கு நடுவுல நின்னு சிரிச்சேன். சிரிச்சுட்டே இருக்கறப்ப அழுகை வந்திருச்சு. நாலு பேரு பெருமையையும் ஏத்துக்கிட்டு அந்த மலையை நெஜமா மிதிக்கப் போறது, நெஞ்சுல கம்பி வெச்ச ஒருத்தர் மட்டும்தான்னு அப்பத்தான் ஒறைச்சுது. அருண்பாண்டி ஒடனே சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டுல மாட்டினார். மத்தியானத்துக்குள்ள முப்பத்து நாலு மாட்டிட்டார், செயினைப் பல்லு மாத்திவிடற கியர் கையும் நீளச் செயினும் அதுக்கு ஏத்த மாதிரி போட்டு. பிரிக்காத உங்க பெட்டி மேல உங்க பேரை எழுதி, அந்த மூணுக்குப் பக்கத்துல நாலாவதா வெச்சாச்சு. வேணும்னா நீங்களே போய்க் கேட்டு வாங்கிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி, ஏப்ரல்ல எங்க இருந்தீங்கன்னு அக்ஷராகிட்ட உங்க வாயால சொல்லணும். ரெண்டாந்தடவை நான் பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. ஜனவரி மொத வாரம் டாக்டரைப் பாக்க நேரம் வாங்கியிருக்கறேன். டிரெட்மில் டெஸ்ட் முடிஞ்சு அவர் சரின்னாத்தான் மலை, இல்லைன்னா ஊட்டுல உக்காந்து பொங்கல் திங்கலாம். சைக்கிள் ஓட்டலாம்னு அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சு. ஓட்டறப்ப பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேச முடியணும், பேச்சு நின்னா எறங்கிடணும்னு சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு போல.

அதனால ஒண்ணு கேக்கறேன் மாமா. கோத்தகிரிக்குப் பேசிட்டே ஏறுங்க. பேச விசயமா இல்லை? கேக்காம உங்க சைக்கிள்ல கை வெச்சிருக்கறேன், ரகசியத்தை மெக்கானிக்கிட்டச் சொல்லியிருக்கறேன், லெட்டர் பூரா உங்களை எளக்காரமா எழுதியிருக்கறேன். என்னைத் திட்டிக்கிட்டே ஏறுங்க. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் திட்டுங்க. கார் கண்ணாடியை எறக்கிவிட்டுட்டு நான் பின்னாலயே வர்றேன். கல்யாணமாகி ஒரு நாளும் உங்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாம இருந்ததில்லை; அன்னைக்கு மட்டும் வாயே தெறக்க மாட்டேன், சத்தியமா. மலை உச்சியைத் தொடற வரைக்கும் உங்க சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

நோய்நொடி அண்டாம நல்லபடியா ஊடு வந்து சேருங்க.

உங்க
கோமளா