சிவப்புத் துணி கட்டிய துடுப்பு

மார்ச் 3, செவ்வாய்

இது எந்த வருஷம் என்று எண் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது. சந்தை மணிக்கூண்டு இரண்டாம் முறை நின்றுபோய், ஊருக்கு எந்நேரமும் பத்தேகால் ஆகவே இருந்த வருஷம். கீழ் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டு, ஆறும் வெள்ளையாய்ப் பிறந்த வருஷம். ஜனவரியில் எங்கள் மேஸ்திரி போய்ச் சேர்ந்த வருஷம். அந்த வருஷம்தான் இது.

எழுதப் படிக்கத் தெரியாத ஆள் நான். போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. மேஸ்திரி போனபின் பேச ஆள் குறைந்துவிட்டது. அதனால் இது.

இன்று கடற்கரைக் கடைக்குப் போய் ஒரு துடுப்பு வேண்டும் என்றேன். கடைக்காரர், தலையில் சீப்பே படாத மனிதர், "படகுக்கா பெரியவரே?" என்றார்.

"பலகைக்கு. நின்னுக்கிட்டே போடுற பலகைக்கு. அலை மேல ஏறணும்."

அவர் என் முழங்காலைப் பார்த்தார். முழங்காலும் அவரைப் பார்த்தது.

மார்ச் 5, வியாழன்

எதற்கு இந்த ஆசை என்று மகன் கேட்டான். அவன் பஸ் கண்டக்டர். எல்லாரையும் இறங்கச் சொல்லியே பழகியவன். "எழுபத்தி நாலு வயசுல அலையில ஏறப்போறீங்களாப்பா? இடுப்பு போனா யாரு பாக்குறது?"

அவனுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முப்பது வருஷம் மாடிக் கட்டடங்களுக்கு வெளியே தொங்கிக் கண்ணாடி துடைத்தவன் நான். தொங்கு பலகையில் மூன்று பேர்: மேஸ்திரி, பட்டாணி, நான். அவர்கள் எனக்கு வைத்த பெயர் கொக்கு. கீழே தரையில் ஒருத்தி: வாளி. தண்ணீர் நிரப்பி அனுப்புவாள், காற்று ஏறினால் குரல் கொடுப்பாள். கீழே ஆள் நிற்காமல் மேலே கால் வைக்கக் கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் சட்டம், கடைசிச் சட்டமும் அதுதான்.

பெரிய கப்பல் கரை தட்டிய வருஷம், கடலோர ஓட்டலில் பதினாலாவது மாடி. திரும்பிப் பார்த்தால் தண்ணீர் மேல் ஒருவன் நிற்கிறான். கையில் நீளக் கம்பு. பட்டாணி கத்தினான்: "டேய், அங்க பாருங்கடா, ஒருத்தன் கடலைத் துடைக்கிறான்!"

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் பலகையே ஆடியது. "நாமளும் ஒரு நாள் துடைக்கணும்டா" என்றார். கீழேயிருந்து வாளி: "என்னடா அங்க வேடிக்கை? காத்து ஏறுது, இறங்குங்க!"

பட்டாணி போய் ஏழு வருஷம். இப்போது மேஸ்திரியும். அந்தக் கடல் இன்னும் துடைக்கப்படாமல் கிடக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு விபரீதம். நான் பேசியதை ஞாயிறுதோறும் மருமகள் படித்து ஒழுங்கு செய்வாள் என்பதை மறந்தே போனேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பேச்சு மொழியை வைத்துவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. எல்லாவற்றையும் படித்துவிட்டு, "மாமா, வாளி ரொம்ப அழகா இருப்பாங்களா?" என்றாள்.

நான் அழகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைக் கேளுங்கள்.

மார்ச் 9, திங்கள்

துடுப்பு எடுப்பது பெண் எடுப்பதைவிடக் கஷ்டம். மரத்தில் ஒன்று: பார்க்க ராஜா, தூக்கினால் தோள் வலி. உலோகத்தில் ஒன்று: மலிவு, கைவிட்டால் நேராகக் கடலடிக்குப் போய்ச் சேரும். கரி இழையில், கடைக்காரர் பாஷையில் கார்பன் ஃபைபரில், ஒன்று: கறுப்பு, குழந்தையின் கை மாதிரி எடை. தண்டு, பிடி, அடியில் அகலமாக இலை. இலை பெரிதாக இருந்தால் வேகம், சின்னதாக இருந்தால் தோளுக்கு நல்லது. "உங்களுக்குச் சின்ன இலை" என்றார் கடைக்காரர். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

நீட்டிக் குறைக்கிற துடுப்பும் உண்டு, நடுவில் ஒரு பூட்டு. "முதல்ல இதை எடுங்க பெரியவரே, உங்க உயரம் பிடிபட்டதும் மத்ததைப் பாக்கலாம்." பூட்டுப் போட்ட கம்பை நான் நம்பமாட்டேன். ஒரு முறை பன்னிரண்டாம் மாடியில் அப்படி ஒரு பூட்டு விட்டுப்போய், என் துடைப்பான் ஓட்டல் மேலாளர் காரின் கூரையில் குத்திட்டு நின்றது.

வாடகைக்கு ஒரு துடுப்பும் பலகையும் எடுத்து, மிதவைச் சட்டை மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் பலகை மேல் ஏறினேன். ஏறுவதற்கு முன் வாளியை வரவழைத்தேன். கீழே ஆள் வேண்டுமே. கரையில் குடையோடு நின்றாள்.

பதினொரு முறை விழுந்தேன்.

கரையிலிருந்து வாளி: "யோவ் கொக்கு, கடலை நல்லா அலசிட்ட! இனிமே காயப்போடு!"

கடைக்காரர்தான் கண்டுபிடித்தார்: துடுப்பைத் திருப்பிப் பிடித்திருக்கிறேன். இலை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். கண்ணாடி துடைப்பானின் ரப்பர் நம் பக்கம் சாயும். முப்பது வருஷக் கை, தானாகவே அப்படிப் பிடித்துவிட்டது. திருப்பியதும் பலகை சொன்ன பேச்சு கேட்டது. நான்கு வீச்சு நின்றேன்! நான்கு!

வாளி குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். பன்னிரண்டாவது முறை விழுந்தது அதைப் பார்த்ததால்தான்.

மார்ச் 14, சனி

இன்று அலையின் முதுகை ஒரு நொடி தொட்டேன். குதியாட்டம் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தால் வாளி செய்தி சொல்கிறாள். அவளைத் தன் வீட்டோடு கூட்டிப்போக, மாதக் கடைசி ஞாயிறு அவள் தம்பி வேன் கொண்டு வருகிறான். அவன் வீடு உள்நாட்டில், கடலிலிருந்து எட்டு மணி நேரம். "எனக்குத் தனி ரூமாம். ஜன்னல் பெருசாம். துடைக்கச் சொல்லுவானோ என்னவோ."

"போகணும்னு இருக்கா உனக்கு?"

"இங்க எனக்கு யாரு இருக்கா? மேஸ்திரி அண்ணனும் போயாச்சு." குடையை மடக்கினாள். "அத்தனை வருஷம் நீங்க மேல, நான் கீழ. மேலேர்ந்து என்ன தெரியும்னு ஒருத்தனாவது ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்களாய்யா?"

காட்டவில்லை. எவனுக்கும் தோன்றவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஓட்டல் வரை நடந்துபோய், கீழேயிருந்து பதினாலாவது மாடியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். கரி இழை, சின்ன இலை. அளவு சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் தண்டை வெட்டிப் பிடியை ஒட்டினால் ஒட்டியதுதான். அலையில்லாத தண்ணீருக்குத் தூக்கிய கை எட்டும் அளவு நீளம் வேண்டுமாம். அலைக்குக் குட்டையாக, தலைக்கு மேல் ஒரு முட்டி, மடக்கிய கை உயரம், போதுமாம். கடைக்காரர் எண் எழுதப் பென்சில் எடுத்தார். "எண் வேண்டாம், குறி போட்டுத் தர்றேன்" என்றேன். துடுப்பை நிறுத்தி, என் தலைக்கு மேல் முட்டி வைத்து, நகத்தால் கீறினேன்.

வாளியும் வந்திருந்தாள். "எனக்கு எவ்வளவு வரும்?" என்று சும்மா பக்கத்தில் நின்றாள். அவள் தலைக்கு மேல் முட்டி வைத்தேன். முடியில் கை பட்டுவிட்டது. சோப்பு வாசனை, அதே பழைய சோப்பு. வாளிப் பிடி கையை அறுக்காமல் இருக்க அவள் சுற்றி வைத்திருந்த சிவப்புத் துணியில் கிழிந்த ஒரு துண்டை நான் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எத்தனை வருஷமாக என்று கேட்கக் கூடாது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபோது, அவளுக்கு முட்டி வைத்த அளவில் அந்தத் துணியைத் தண்டில் கட்டினேன். அவள் போய்விட்டாலும், நான் கடலில் நிற்கும்போது பக்கத்தில் அவள் உயரம் நிற்கட்டும் என்று.

இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மார்ச் 20, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

கடைக்காரன் துணி கட்டின எடத்துல வெட்டிட்டான்! என் கீறலைப் பாக்கவே இல்ல. கறுப்புத் தண்டுல நகக் கீறல் எவன் கண்ணுக்குத் தெரியும்? "துணி கட்டியிருந்துச்சே பெரியவரே, அங்கதான்னு நெனச்சேன்"ங்கிறான். எங்க தொழில்ல துணி கட்டின எடத்துக்குக் கத்தியே போகாது! கயித்துல துணி கட்டினா, இங்க என் உயிர் இருக்கு, கை வைக்காதேன்னு அர்த்தம். அது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேனா? எண் எழுத வந்தவனை வேண்டாம்னு சொன்னவன் யாரு? நான்தானே.

ஒட்டியும் ஆச்சு. ஒரு சாணுக்கு மேல குறையுது. கூன் போட்டுத்தான் துடுப்பு போடணும். கொக்கு மீன் புடிக்கிற மாதிரி.

துணியை மட்டும் வெட்டாம அப்படியே பிடிக்குக் கீழ விட்டு வெச்சிருக்கான்.

மார்ச் 22, ஞாயிறு

மருமகள் செவ்வாய்க்கிழமையைப் படித்துவிட்டாள். நான் அவளை மறுபடியும் மறந்துபோனேன். என்ன புத்தியோ எனக்கு.

வெள்ளிக்கிழமைப் பேச்சை மட்டும் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டாள். பிறகு கதவுக்குப் பின்னால் கிடந்த துடுப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, இது வீணாப் போகல. உரிய ஆளுக்கு அளவெடுத்து வெட்டியிருக்கு. கொண்டுபோய்க் குடுங்க."

"அவ என்ன நினைப்பா?"

"அதை அவங்கதான் நினைக்கணும். நீங்க ஏன் நினைக்கிறீங்க?"

மார்ச் 23, திங்கள்

பஸ்ஸில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பேர் கம்பியென்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாளி வீட்டில் பாதி சாமான் பெட்டிக்குள். கட்டில் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. துடுப்பை நீட்டினேன். நிறுத்திப் பார்த்தாள். தலைக்கு மேல் சரியாக ஒரு முட்டி.

"என்னய்யா, உனக்கு இது பத்தாதே."

"உனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது. "மேலேர்ந்து என்ன தெரியும்னு கேட்டியே" என்றேன். "வந்து பாரு. பதினாலு மாடி இல்ல. ஒரு அலை உசரம்தான். ஆனா கடல் முழுசும் தெரியும்."

அப்போதுதான் துணியைப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். சொந்தத் துணி அவளுக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்த்தாள், நான் கட்டிலைப் பார்த்தேன்.

"நானும் ஏறிட்டா," என்றாள், "கீழ யாரு நிப்பா?"

சட்டம். முதல் சட்டம், கடைசிச் சட்டம். துடுப்பை அவள் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

சாப்பிடும்போது மகனிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன், கரையில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று. திட்டுவான் என்று தயாராக இருந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்:

"விசில் ஊதலாமாப்பா?"

"ஊதலாம். காத்து ஏறினா ஊதணும்."

"அப்ப நான் நிக்கிறேன்."

மருமகள் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். இதையும் நீயே திருத்து தாயே.

மார்ச் 25, புதன்

வாளிக்குச் சொல்லியாகிவிட்டது. "கீழ ஆள் இருக்கு" என்றேன், அவ்வளவுதான். "சரி, பாக்கலாம்" என்றாள். இந்தப் 'பாக்கலாம்' எந்தப் பக்கம் சாய்கிறது? இலை முன்னாலா, பின்னாலா?

மார்ச் 29, ஞாயிறு

வேன் வந்தது. தெருமுனையில் நின்றேன், வழியனுப்பவா தடுக்கவா என்று தெரியாமல். தம்பி நல்ல மனிதர், வியர்த்துக்கொண்டு பெட்டிகளை ஏற்றினார். வாளி துடுப்பை மட்டும் ஏற்றவிடவில்லை.

"அக்கா, அது எதுக்கு அங்க? அங்க ஏது தண்ணி?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"அக்கா!"

"நான் வரலடா."

"இந்த வயசுல தனியாவா? கடல்ல வேற ஏறப்போறியாம்?"

"எந்த வயசுல ஏறலாம்? நீயே ஒரு தேதி சொல்லு, அன்னிக்கு ஏறுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கம்பத்துக்குப் பின்னால் போனேன். கொக்கு உயரத்துக்குக் கம்பம் மறைக்கவில்லை. பெட்டிகள் இறங்கின. ஏற்கெனவே அடியில் மாட்டிக்கொண்ட கட்டில் மட்டும் வேனோடு போனது. கட்டிலுக்கு உள்நாடுதான் பிடிக்கும் போலிருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

இதை உடம்பெல்லாம் உப்போடு சொல்கிறேன். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

காலை. சின்ன அலை, வரிசையாக, ஆள் பார்த்து வருகிற அலை. கரையில் மகன், காக்கிச் சட்டையோடு, வாயில் விசில். பக்கத்தில் மருமகள், குடையோடு. நான் எந்தப் பூட்டை நம்பமாட்டேன் என்றேனோ, அதே பூட்டுப் போட்ட வாடகைத் துடுப்பு என் கையில். பூட்டு ஒழுங்காகவே இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

வாளி முதலில் மண்டியிட்டாள். ஒன்பது முறை விழுந்தாள். என்னைவிட மூன்று குறைவு. அதை இனிமேல் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். பத்தாவது முறை எழுந்தாள். இலை முன்பக்கம் சாய்ந்து, முதுகு நேராக, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்தத் துடுப்பு. சிவப்புத் துணி அவள் கைக்குக் கீழே படபடத்தது.

ஓர் அலை எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே தூக்கியது. தூக்கி, நிறுத்தி, யோசித்து, பிறகு கொண்டுபோனது. நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. மகன் விசிலை ஊதித் தள்ளினான். காற்றே இல்லை, சந்தோஷத்தில் ஊதினான்.

அலை மேலிருந்து வாளி திரும்பிப் பார்த்தாள். கரையை, குடையை, ஓட்டலை, பதினாலாவது மாடிக் கண்ணாடியில் வெயில் அடிப்பதை. எல்லாவற்றையும்.

"யோவ் கொக்கு! இதைத்தானா மூணு பேரும் இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

பட்டாணி இல்லை. மேஸ்திரி இல்லை. சொல்லிக்கொண்டிருக்கிற என்னை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். எங்கள் ஆட்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள். இதோ, அடுத்த அறையில் தலை துவட்டிக்கொண்டு, மருமகளிடம் நான் விழுந்த கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: வாளி.