பேசாத ஏழாம் ஃபிரெட்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய இடது முட்டி மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ உன் கையால் செய்து அனுப்பிய பேஸ் கிட்டார் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. நீயும் அவ்வளவு தொலைவில் கீறல் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் தினமும் நினைத்துக்கொள்வது. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ அம்மா அம்மா என்று வெட்டுவாய், நானும் சரி விடு என்று சொல்லிவிடுவேன். இந்த முறை விடுவதாக இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளம்பர வீடியோவுக்காக உன் முதலாளி எழுதி அனுப்பிய வரியை நான் சொல்ல மாட்டேன். ஏன் என்று மெதுவாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி. கோபப்பட்டாலும் படி.

பெட்டியை அப்பா மூன்று மாடி தூக்கி வந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கை, ஆனால் தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோலக் கட்டிலில் இறக்கினார். திறந்து பார்த்துவிட்டு, இது நம்ம கட்டிலைவிட நல்லா செஞ்சிருக்குடி என்றார். கட்டில் செஞ்சவனுக்கும் ஒரு மாசம் குடுத்திருந்தா செஞ்சிருப்பான் என்றேன். சண்டை எனக்குள் அப்போதே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அவர் போன பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நல்ல வேலை. கழுத்து நெடுகக் கையை ஓட்டினாலும், குறுக்கே பதித்த ஃபிரெட் பட்டைகளின் முனை ஒன்றுகூடக் குத்தவில்லை. தோளில் மாட்டிக் கையை எடுத்தால் அப்படியே நிற்கிறது. என் பழைய கிட்டார் கழுத்தைத் தரைக்குச் சாய்க்கும், இத்தனை வருடம் என் இடது கை வாசித்தது பாதி, தாங்கிப் பிடித்தது பாதி. ட்யூப்லைட் பக்கத்தில் போனாலும் உன்னுடையது இரைவதில்லை. என்னுடையது இரையும், அதனால் எந்த மண்டபத்தில் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். சுருதி சேர்த்து மூன்று நாளாகிறது, அசையவில்லை. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை எல்லாச் சுரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பேசுகின்றன. ஆனால் அது என் விரலின் சோம்பலையும் ஊருக்குச் சொல்லிவிடுகிறது. பழையது சொல்லாது. மந்தமான கிட்டார், என் தப்பையெல்லாம் தொந்திக்குள் போட்டுக்கொள்ளும். அதைக் கார் டிக்கியில் போடலாம், மேடையில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். உன்னுடையதை அப்படி வைத்துவிட்டுப் போனால் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. விலையை நீ சொல்லவில்லை, அப்பா தேடிக் கண்டுபிடித்தார். இது ஒன்றின் விலைக்கு என்னுடையது போல நாற்பது வாங்கலாமாம். நாப்பது மடங்கு நல்லா இருக்கா என்றார். ரெண்டு மடங்கு இருக்கு என்றேன். மீதி முப்பத்தெட்டு எங்க போச்சு என்றார். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டயர் கடை மாடியில் ஒத்திகை. இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பாட்டுக் குழுவில் அதே ஆட்கள்தான். கீபோர்டு தாடி, தாடியை எடுத்துப் பத்து வருடமாகியும் பெயர் போகவில்லை. டிரம்ஸ் இடி. மருந்துக்கடையை மூடிவிட்டு வந்து பாடுகிறவள். தாடி ஒரு சுரம்கூடக் கேட்காமல் மரத்தின் வரியைப் பார்த்தே, ஆஹா, என்னா சவுண்டு என்றார். அண்ணே, அது இன்னும் வாயே திறக்கல என்றான் இடி. எல்லாரையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். தனியாக வாசித்தபோது இடி ஐந்துக்கு ஐந்தும் சரியாகச் சொன்னான், எது புதிது எது பழையது என்று. பிறகு நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், எல்லாரும் சேர்ந்து வாசித்தோம், பாட்டுக்குப் பாட்டு மாற்றி மாற்றி எடுத்தேன். இடி மூன்று தப்பு. தாடி நான்கு தப்பு, ஆம்ப் சரியில்ல என்றார். மருந்துக்கடைக்காரி மட்டும், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்க்கா, நீங்க வாசிச்சா நான் எங்க மூச்சு விடணும்னு தெரியுது, அது போதும் என்றாள். இதை உன்னைச் சிறுமைப்படுத்த எழுதவில்லை. தனியாகக் கேட்டால் உன்னுடையது மேல், கூட்டத்தில் கேட்டால் வித்தியாசம் குறைவு, கேட்டது கேட்டபடி.

கடைசியில் எப்போதும் வாசிக்கிற வேகப் பாட்டை எடுத்தோம், உன்னுடையதில். பழைய கிட்டாரில் தடித்த கம்பியின் ஏழாம் ஃபிரெட் பேசாது என்பது உனக்குத் தெரிந்த கதை. அழுத்தினால் கதவைத் தட்டியதுபோல டொக் என்னும், அவ்வளவுதான். மெதுவான பாட்டில் அதே சுரத்தை அடுத்த கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில் போய் எடுத்துக்கொள்வேன். வேகப் பாட்டில் அதற்கு நேரமில்லை, விட்டுவிடுவேன், அந்த இடைவெளியில் இடி காலால் பெரிய டிரம்மில் ஓர் அடி போடுவான். மண்டபத்தில் ஆடுகிறவர்களும் அந்த இடத்தில்தான் தரையை மிதிப்பார்கள். உன் கிட்டாரில் அந்தச் சுரம் மணி மாதிரி இருக்கிறது, ஆனால் என் கை நிற்கவில்லை, இல்லாத பள்ளத்தைத் தாண்டிப் போய்விட்டது. இடி சிரித்தான். அக்கா, புது வீட்டுல வாசப்படியே இல்ல, நீங்க பழைய ஞாபகத்துல காலைத் தூக்குறீங்க என்றான். மறுபடி தொடங்கி, விடாப்பிடியாக அந்தச் சுரத்தை அந்த இடத்திலேயே அழுத்தினேன். முழங்கியது. அவன் காலடியும் அதே நொடியில் வந்து விழுந்தது, இரண்டும் முட்டிக்கொண்டன, பாட்டு நொண்டி நின்றுவிட்டது. யாருக்கா என் சீட்டுல உக்காந்தது என்று கத்தினான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த இடைவெளி எப்படி வந்தது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது அந்த வரி. பழையதில் ஏழாம் ஃபிரெட்டை அழுத்திச் செத்த சத்தத்தைக் காட்ட வேண்டும், பிறகு புதியதில் அதே இடம், பிறகு கேமராவைப் பார்த்து, இத்தனை வருஷமா ஒரு பலகையைத்தான் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கேன் என்று சொல்ல வேண்டும். உங்கள் பட்டறையின் இணையப் பக்கத்தையும் பார்த்தேன். உன் படத்துக்குக் கீழே, தொழிற்சாலையின் அலட்சியத்தால் ஊமையான ஒரு சுரம், அதைப் பேச வைக்கக் கிளம்பிய மகள் என்று போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சுண்டு, அது தொழிற்சாலையின் அலட்சியம் இல்லை. நீ கீழே போட்டது.

உனக்கு ஆறு வயது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். நீ கட்டில்மேல் ஏறி, அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தபடி கிட்டார் வாரைத் தோளில் மாட்டியிருக்கிறாய். வார் கழன்றது, கிட்டாரின் கழுத்து கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதியது. ஈரத் தலையோடு ஓடி வந்தேன். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாய். அழவில்லை. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒண்ணும் ஆகலடி என்றேன். வாசித்தபோதுதான் தெரிந்தது, எட்டாம் ஃபிரெட்டின் முனை மயிரிழை எழும்பி, அதற்கு முந்தைய ஏழை ஊமையாக்கியிருந்தது. அடுத்த இரண்டு வாரம் நீ அதைத் தொடவே இல்லை. அது இருக்கிற அறைக்குள் வந்தாலே உன் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகும். ஒரு நாள் டொக் என்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு, என்னாலயாம்மா என்றாய். இல்லடி, கம்பெனியிலேயே அப்படித்தான் வந்துச்சு என்றேன். அன்றைக்கு மாலையே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு விரலால் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தாய். அந்தப் பொய்க்காக நான் அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் இல்லை. பிறகு பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோனேன், நீயும் கூட வந்தாய். பத்து நிமிஷ வேலைதான்க்கா, ஒரு தட்டு தட்டினா உக்காந்துடும், எங்கயோ பலமா இடிச்சிருக்கீங்க என்றார் அவர். இல்ல, கம்பெனியிலேயே இப்படித்தான் என்றேன். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், சரிக்கா என்றார். தட்ட வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் சரியானால் பத்து நிமிடத்தில் கெட்டிருக்க வேண்டும், நீ கணக்குப் போட்டுவிடுவாய் என்று பயந்திருப்பேன். அதற்குப் பிறகு இடி காலடி போடத் தொடங்கினான், பிறகு அது எங்கள் பாட்டாகிவிட்டது. பிறகு நீ அதையே உன் கதையாக எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டாய், சொல்ல வாய் வரவில்லை. அது என் தப்பு.

ஆனால் உனக்காக வீட்டுக்குள் சொன்ன ஒரு பொய்யை, ஊர் பார்க்கக் கேமரா முன்னால் விலைக்கு விற்க மாட்டேன். அந்தத் தொழிற்சாலையில் யாரோ ஒருத்தி ஒரு நாளைக்கு நூறு கழுத்துக்கு ஃபிரெட் அடித்திருப்பாள். எட்டாம் ஃபிரெட்டை ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறாள், இருபத்திரண்டு வருடமாக மீதி எதுவும் அசையவில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு போகிறது. வார்டில் யாரோ மை கொட்டிய விரிப்பு எங்களிடம் திரும்பி வரும், சலவை சரியில்லை என்ற சீட்டு குத்தி. அந்தச் சீட்டைப் பார்த்தால் எனக்கு உடம்பு எரியும். அதே சீட்டை நானே இன்னொருத்தி மேல் குத்திவைத்திருக்கிறேன். உங்கள் பட்டறையில் மாதத்துக்கு ஒன்று செய்கிறீர்கள், சந்தோஷம். மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் செய்கிறவர்களின் வேலை பலகை என்று என் வாயால் வராது. அந்தப் பலகையில்தான் நான் நின்றேன். உன் பள்ளிக்கூடச் செலவும் அதிலிருந்து கொஞ்சம் வந்தது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொண்ணுக்காக ஒரு வரி பொய் சொன்னா என்ன குறைஞ்சுபோகும் என்றார். ஒரு வரி ஏற்கெனவே சொல்லியாச்சு, அது வளர்ந்து ஒரு பட்டறையோட விளம்பரமா நிக்குது என்றேன். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அப்ப அன்னிக்கு அலமாரிக் கண்ணாடியில விரிசல் விட்டதும் அவதானா என்றார். அது வேறு விஷயம், அதை நான்தான் உடைத்தேன்.

வீடியோ வந்தால் அடுத்த மாடலுக்கு உன் பெயரையே வைப்பதாக முதலாளி சொன்னார் என்றாய். இந்தக் கடிதத்தால் அது போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருப்பாய், அதுவும் தெரியும். நீ அனுப்பியதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஒன்று கண்டேன். எட்டாம் ஃபிரெட்டின் முனையை மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தேய்த்து உட்கார வைத்திருக்கிறாய். உன் முதலாளி அதைக் கவனித்திருக்க மாட்டார். அப்படித் தேய்க்கிற கைக்குக் கதை எதற்கு? பெயர் வருவதானால் அந்தக் கைக்காக வரட்டும். முதலாளிக்கு என் வீடியோ வேண்டுமென்றால் தருகிறேன், என் வரியோடு. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, இது என் மகள் செய்தது, இது என் மகள் கீழே போட்டது, இரண்டிலும் வாசிக்கலாம் என்று சொல்லி, வாசித்தும் காட்டுகிறேன். போட்டால் போடட்டும். இல்லையென்றால் அவர் வேறு அம்மாவைத் தேடிக்கொள்ளட்டும், நீ தேட வேண்டாம்.

வரும் சனிக்கிழமை மண்டபத்தில் பழையதைத்தான் மாட்டப்போகிறேன். தாடி முறைப்பார், முறைக்கட்டும். இடைவேளைக்குப் பிறகு உன்னுடையது, அந்தச் சுரம் வருகிற ஒரு மெதுவான பாட்டில். தினமும் சலவைக்கூடத்திலிருந்து வந்து அரை மணி நேரம் கையைப் பழக்குகிறேன், இடி சொன்ன அந்தக் கால் தூக்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மரம் இழைக்கும்போது முகமூடி போடாமல் நிற்காதே, போன வாரம் போனில் இருமினாய், தூசியில்லை என்று என்னிடம் சொல்லாதே. காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. உன் கை நீடூழி உறுதியாக இருக்கட்டும், செய்கிற ஒவ்வொன்றும் யார் தோளிலாவது பல வருடம் தொங்கட்டும். லீவுக்கு வரும்போது ஃபிரெட் அடிக்கிற அந்தச் சின்னச் சுத்தியலை மறக்காமல் எடுத்து வா. எட்டாம் ஃபிரெட்டை நான் யாரையும் தொட விடவில்லை. தட்டக் கூடாது என்று இடி மனு கொடுத்திருக்கிறான். தட்டுவதா வேண்டாமா என்று நீ சொல், போட்டவள் நீ.

இப்படிக்கு,
இன்னும் பேஸ் வாசிக்கிற
உன் அம்மா