பதினொரு ஒன்றுகள்

4 மார்ச் 2017

உங்களுக்கு,

மாதம் ஒரு கடிதம் அனுப்புகிறீர்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: ஒரு தடவை பார்க்க வா.

பாப்பாவுக்கு சீட் பெல்ட் மாட்டிவிடாதது என் தப்பு என்று கோர்ட்டில் சொன்னீர்கள். நீங்கள் குடித்துவிட்டு ஓட்டினீர்கள். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

பாப்பா இறந்த அன்று காலை, காரில் ஏறும் முன் கேட்டாள்: "பதினொரு ஒண்ண வரிசையா எழுதுனா, அத எதாலயாவது மீதியில்லாம வகுக்க முடியுமாம்மா?" சாயங்காலம் சொல்றேன்டி என்றேன்.

11111111111.

வகுக்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். வருகிறேன். இதோடு பகா எண் அட்டவணை வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை போனால் போதும். அதற்குள் இல்லையென்றால் எங்கும் இல்லை. வகுத்த தாள்களை அனுப்பிவையுங்கள்.

பாப்பாவின் அம்மா

19 மார்ச் 2017

என் கணக்கு டீச்சருக்கு,

ஜெயில் சலவைக்கூடத்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் வகுக்கிறேன். 3 போகவில்லை. 7 போகவில்லை. 11 போகும் என்று நம்பியிருந்தேன், மீதி 1.

பக்கத்துப் படுக்கைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, கோடு போட்டு நாள எண்றீங்களா? பதினொண்ணுதான் ஆச்சா? குடுத்துவச்சவரு!" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஏதோ ஒன்று கேட்டாயே, அதுவே போதும். சாப்பிடுகிறாயா? நேரத்துக்குத் தூங்கு.

உன்னுடையவன்

2 டிசம்பர் 2017

உங்களுக்கு,

தாள்களின் மூன்றாம் கட்டு வந்தது. ஒரு தாள் விடாமல் பார்த்தேன்.

தொடருங்கள்.

பாப்பாவின் அம்மா

11 ஆகஸ்ட் 2020

அன்புள்ள டீச்சர்,

முடித்துவிட்டேன். இதை எதுவும் வகுக்காது. பகா எண்.

அப்படியென்றால் நீ வர வேண்டியதில்லை. தெரியும். ஏதாவது ஒரு எண்ணை எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். "அடிச்சு விடுங்கண்ணே, அண்ணி என்ன பெருக்கியா பாக்கப் போறாங்க?" என்றார் தையல்காரர். பார்ப்பாய். அதற்காக இல்லை. பாப்பா கேட்ட கணக்கில் பொய் சொல்ல மனசு வரவில்லை.

கண் கொஞ்சம் மங்கிவிட்டது. சட்டைப் பித்தான் அளவிலிருந்த என் எழுத்து இப்போது தீப்பெட்டி அளவு ஆகிவிட்டது, பார்த்திருப்பாய்.

இருந்தாலும் ஒரு தடவை வாயேன்.

உன்னுடையவன்

30 ஆகஸ்ட் 2020

உங்களுக்கு,

21649 × 513239. பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாம் கட்டில் 21649-ஐப் போட்டிருக்கிறீர்கள். 51741-இல் 43298 போனால் 8443. நீங்கள் 8433 என்று எழுதினீர்கள். கடைசியில் மீதி 20649 என்று கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டீர்கள். அன்றே பார்த்தேன்.

இன்னொன்று. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 22-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம். பத்தில் ஒன்பது பங்கு வேலை வீண். எனக்கு முதல் நாளே தெரியும். என் வகுப்பில் சொல்லித் தருகிற பாடம்.

உங்கள் தாள்கள் வரும் நாட்களில் நன்றாகத் தூங்கினேன்.

வரமாட்டேன். எழுதவும் மாட்டேன்.

(கையெழுத்து இல்லை)

14 செப்டம்பர் 2020

அன்புள்ள டீச்சர்,

பெருக்கினேன். சரியாக வருகிறது. பதினொரு இடத்திலும் ஒன்றுதான்.

நீ வரவேண்டாம். காலையில் எழுந்தால் கைக்கு வேலை ஒன்றும் இல்லை, அதுதான்.

இன்னொரு எண் அனுப்பு. இதைவிடப் பெரிதாக.

உன்னுடையவன்