ஒரு தோள் சிவப்பு, ஒரு தோள் பச்சை

எபொராக்கில் அக்கா வீட்டில் இருக்கும் எனிகாவுக்கு, செனோவர் எழுதுவது. நான் நலம். நீயும் உன் அக்காவும் குழந்தையும் நலமாக இருக்க நம் ஊற்றுத் தாயிடம் வேண்டிக்கொண்டேன்.

கோட்டை வாசலில் கடிதம் எழுதித் தருகிறவர் எதிரில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் சொல்கிறேன். அங்கே சகலைதான் உனக்கு வாசித்துக் காட்டுவார். நடுவில் அவருக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும்.

கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. வடக்குப் பக்கக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. பார்லி மதுவை இந்த முறை நானே காய்ச்சினேன். ஊற்றி வைத்தால் நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

மல்லாவின் கல்யாணம் முடிந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவள் அம்மா அலோனா, இரண்டு தோளிலும் குத்தி நடுவில் சங்கிலி கோத்துக்கொள்ள, பாம்பு வளைவில் இரட்டைத்தலைப் பதக்கம் ஒரு ஜோடி கேட்டிருந்தாளே. பதக்கத்தின் உடம்பில் சிவப்பும் நீலமும் நிரப்ப வேண்டும். நீ கிளம்பிய அன்று அதில்தானே நமக்குள் பேச்சு தடித்தது. ஒரு நாள் பொறு, நிறம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாய். "ஏன், நீ இல்லேன்னா என் உலை எரியாதா?" என்றேன். நீ மூட்டையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாய்.

வார்ப்பு நன்றாகவே வந்தது. நீலம் எனக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும் என் கண்ணுக்கு ஒரே சேற்று நிறம் என்பது உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பலகையில் கண்ணாடிப் பொடிக் கிண்ணங்களை நீ வைத்துவிட்டுப் போன வரிசையை நம்பி முதல் பதக்கத்தை நிரப்பி உலையில் வைத்தேன். மறுநாள் காலையில், நீ வந்து பார்த்தால் மெச்சிக்கொள்வாய் என்று கிண்ணங்களைக் கீழே எடுத்து வைத்துப் பலகையைத் துடைத்து, திரும்ப அடுக்கினேன். அதற்குப் பிறகுதான் இரண்டாவது பதக்கம். தேய்த்து மெருகேற்றி இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன.

அலோனாவிடம் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கா?" என்று நானே பெருமையாகக் கேட்டேன். "கண்ணு பட்டுடும் போல இருக்கு, தம்பி. குடு" என்று வாங்கிச் சால்வை நுனியில் முடிந்துகொண்டாள்.

கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், தெற்கே குதிரை வியாபாரம் செய்கிறவர், மல்லாவை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா இது, ஒரு தோள் சிவப்பு, ஒரு தோள் பச்சை? செஞ்சவன் குடிச்சிருந்தானா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார். அலோனா ரொட்டியை வைத்துக்கொண்டே, "நாங்க அப்படித்தான் கேட்டு வாங்கினோம்" என்றாள். "எங்க ஊர்ல பொண்ணுக்கு அப்படித்தாங்க போடுவோம்" என்றான் பக்கத்தில் இருந்த கொல்லன். அத்தனை பேரில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அதில்தான் எனக்கு விளங்கியது.

கூட்டம் கலைந்ததும் அலோனாவை அடுப்படியில் பிடித்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "பன்னெண்டு வருஷமாத் தெரியும். எனிகா கல்யாணமாகி வந்த மாசமே வீடு வீடா ஏறி வந்து சொன்னா. அவரு எதையாவது மாத்திச் செஞ்சுட்டா என்கிட்ட கொண்டாங்க, நான் சரிபண்ணித் தரேன், உங்களுக்குத் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்னா." அப்படி எத்தனை தடவை கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மல்லாவிடம், கழற்றிக் கொடு, வேறு செய்து தருகிறேன் என்றேன். "இன்னிக்கு எல்லாரும் பாத்தது என்னையும் இதையும்தான் மாமா. தரமாட்டேன்" என்கிறாள்.

வீடு திரும்பும்போது முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. ஊரே சேர்ந்து என்னைக் குழந்தை மாதிரி வைத்திருந்தீர்களே என்று. கொஞ்ச தூரம் நடந்ததும் வேறு நினைப்பு வந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சே உனக்கு அப்போது சரியாக வராது. புதுப்பெண்ணாக எத்தனை வாசலில் நின்றிருப்பாய். எப்படிச் சொல்லிப் புரியவைத்திருப்பாய். ஒரு நாள்கூட என்னிடம் முகம் மாறியதில்லை.

இதற்கு மேல் எழுதுகிறவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரும் எழுதுகோலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதாம், அக்கா எழுந்து நடமாடுகிறாளாம் என்று வண்டிக்காரர் சொன்னார். அங்கே நீ இன்னும் வேண்டுமென்றால் இரு. இதைக் கொண்டுவரும் வண்டி மூன்றாம் நாள் திரும்புகிறது. கம்பளிப் பொதிகளுக்கு நடுவில், காற்றுப் படாத பக்கமாக, ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். அக்காவுக்கும் பிள்ளைக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். அந்த மூன்றாம் நாளிலிருந்து மட்டுமாவது வழியெங்கும் மழை பெய்யாமல் இருக்கட்டும்.

உன்,
செனோவர்