உருண்டைக்கு வயிறு சரியில்லை

ஜூலை 4, வெள்ளி

கடையில் கூட்டமே இல்லை. மூக்குக் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கியதுதான் வேலை. வீட்டுக்கு வந்ததும் உருண்டை ஓடிவந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. இந்த வீட்டில் எனக்கு முகம் கொடுப்பது இப்போது இந்த நாய்க்குட்டி ஒன்றுதான்.

தங்கை வேறு வீடு பார்த்துவிட்டாளாம். மாதக் கடைசியில் போகிறாளாம். வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டால், “உன்கிட்ட சொன்னா விட்டுடுவியா?” என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. குட்டியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். போகும்போது தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு கிண்ணம் பால் வைத்தேன். ஒரே மூச்சில் காலி. பாவம், என்ன பசியோ. அவள் ஒழுங்காகப் போட்டால்தானே.

ஜூலை 5, சனி

உருண்டைக்கு வயிறு போகிறது. கூடத்துப் பாய், சமையலறை வாசல், நான் மடித்து வைத்த துணி — ஒன்றையும் விடவில்லை. எல்லாம் செய்துவிட்டு, யாரோ செய்தது போல் என்னைப் பார்க்கிறது. திட்ட வாய் வரவில்லை.

துடைத்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து, வாளித் தண்ணீரை மாற்றி வைத்துவிட்டுப் போனாள். 

ஜூலை 6, ஞாயிறு

“அக்கா.”

எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன் இந்த வார்த்தையை. “எழுந்துக்க மாட்டேங்குதுக்கா. கூப்பிட்டா கண்ண மட்டும் திறக்குது.”

துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுபவர் குட்டியின் பெயரைக் கேட்டார். நான் “உருண்டை” என்றேன். அதே நேரத்தில் அவள் “பட்டன்” என்றாள். அவர் பேனாவை நிறுத்தி, “குட்டி ஒண்ணுதானே?” என்றார்.

டாக்டரம்மா ஈறைப் பார்த்தார், கழுத்துத் தோலை இழுத்துப் பார்த்தார். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, பொல்லாத கிருமியா என்று பார்த்துவிடலாம் என்றார். முடிவு வரும்வரை தங்கை அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

கிருமி இல்லை. அப்பாடா.

“என்ன போட்டீங்க சாப்பிட?”

“காலையில சோறு போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். மதியம் வந்து ஒருவாட்டி. அப்புறம், எங்க பேக்கரியில மிஞ்சுற கேக்கு கொஞ்சம்,” என்றாள் தங்கை.

“நான் ரெண்டு வேளையும் பால் வெச்சேன். சோறும் போட்டேன். இவ போடறதில்லைன்னு நினைச்சு...”

“நான் போடலைன்னு உனக்கு யாரு சொன்னா?”

“இத்தனூண்டு வயிறு, ரெண்டு பேர் சாப்பாட்டை எப்படித் தாங்கும்?” என்றார் டாக்டரம்மா. “ஏம்மா, ஒரே வீடுதானே? பேசிக்க மாட்டீங்களா?”



ஜூலை 7, திங்கள்

லீவு போட்டேன். அவளும்தான். ஊசி வழியாக மருந்துத் தண்ணீர் ஏற்றியதில் நேற்று குட்டியின் முதுகு ஒட்டகம் மாதிரி இருந்தது, இன்று வடிந்துவிட்டது. குழைந்த சோறு ஒரு கரண்டி. பாலும் கேக்கும் கூடவே கூடாது.

“போட்டியா?”

“போட்டாச்சு. நீ போட்டுடாதே.”

பகல் முழுக்க இதுதான் பேச்சு. சாயங்காலம் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கடைக்குப் பக்கத்துல இருந்தா விடியகாலை வேலைக்குச் சௌகரியம்னுதான்கா பார்த்தேன். உன்ன விட்டுட்டு ஓடணும்னு இல்ல.”

“அத என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“நீ அழுவே.”

நான் எதுக்கு அழணும் என்று கேட்டுக்கொண்டே அழுதேன். குட்டி தள்ளாடி எழுந்து வந்து, எங்கள் இருவரையும் விட்டுவிட்டுக் கரண்டியை நக்கியது.

ஜூலை 9, புதன்

தங்கை போன் செய்தாள். கண்ணாடி வாங்க வந்தவர் எதிரிலேயே “கெட்டியாப் போச்சா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். போகட்டும். கெட்டியாகத்தான் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தங்கையின் புது வீட்டில் திரைச்சீலை மாட்டினோம். குட்டி காலுக்கடியில் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பி கோணல் என்றேன். என் கண்தான் கோணல் என்றாள். கண்ணாடிக் கடைக்காரியிடமே சொல்கிறாள். வாய்ப்பேச்சு வளர்ந்து, பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, எப்பவும் இப்படித்தான் சண்டை போடுவீங்களா?”

“இல்லீங்க,” என்றாள் தங்கை, ஸ்டூல் மேல் நின்றபடியே. “நடுவுல கொஞ்ச நாள் விட்டுப்போச்சு.”