ஷெட்டில் முதல் ஷிஃப்ட்

அன்புள்ள ஜெயாவுக்கு,

சூளகிரியிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை மாதேஷும் குட்டியும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதலாம், எழுதினால் நீ நம்பிவிடுவாய். போனில் பேசும்போதெல்லாம் உங்கப்பா என் பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப்பற்றி என்ன பேசுவது. அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் மழை வந்தது, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது என்று எதையோ சொல்லி வைத்துவிடுகிறேன். நம் பாஷா மாமாவின் சின்ன மகள் ஸோயா படிப்புக்காக உங்கள் ஊருக்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றியது. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாமல் மெதுவாகப் படி, ஏன் கோணலாக இருக்கிறது என்பதும் இதிலேயே வரும்.

பெங்களூர் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், மறதி இனிமேல் கூடுமே தவிரக் குறையாது என்று. அது எப்படிக் கூடும் என்று அவர் சொல்லவில்லை. பொங்கல் கழிந்ததிலிருந்து உங்கப்பா ரிட்டயர் ஆனதையே மறந்துவிட்டார். விடிந்ததும் குளித்து, பழைய யூனிஃபாரம் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விடுவார். முதலில் நானும் கூடவே போய் நின்று, இன்றைக்கு லீவாம் என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வருவேன். ஒருநாள் எனக்கு முன்னாலேயே கிளம்பிப்போய் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். அன்றைக்குப் பூராவும் நானும் பாஷா மாமாவும் வண்டியில் ஓசூர் பக்கம் தேடுகிறோம், அவர் நேர் எதிர்ப்பக்கம் சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். எப்படிப் போனார் என்று அவருக்கும் தெரியாது. அங்கே கொய்யாப்பழம் விற்கிற கெம்பம்மா என்கிற அம்மாள்தான் அவர் கழுத்தில் மாட்டியிருந்த பழைய கம்பெனி அட்டைக்குப் பின்னால் நான் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "பெரியவரு கேட்டு எப்ப தொறப்பாங்கன்னு கேட்டுகினே இருக்கறாரும்மா, எந்தக் கேட்டுன்னு எனுக்குத் தெரியல" என்றாள். உன்னிடம் சொன்னால் அங்கே உட்கார்ந்து அழுவாய் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டு கேட்டைப் பூட்ட ஆரம்பித்தேன். அவர் காலையில் வந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டுவார். "தொறம்மா, பஸ்ஸு போயிடும், லைன் நின்னுட்டா என்னைத்தான் கேப்பாங்க" என்று கெஞ்சுவார். உள்ளங்கை தோலுரிந்துபோகிற அளவுக்கு ஆட்டுவார். நான் சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக நிற்பேன். சர்ஜாபூர் பக்கம் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருக்கிறது என்று நீ போட்டோ அனுப்பினாயே, அதை அந்த நாட்களில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நல்ல இடமாகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் நீ போனில் அந்த யோசனையைச் சொன்னாய். உங்கப்பா நாகரசம்பட்டி வெங்கடப்பன் தோப்பிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய அம்பாசடர் ஷெட்டில் சும்மாதானே நிற்கிறது, காருக்குள் குனிந்து வேலை செய்தால் அவருக்கு இடுப்பு போய்விடும், இன்ஜினை வெளியே எடுத்து ஸ்டாண்டில் மாட்டிக் கொடுத்துவிட்டால் நெஞ்சு உயரத்தில் நின்றபடியே வேலை செய்யலாம், கம்பெனியில் அவர் இன்ஜின் பூட்டின லைன் மாதிரியே இருக்கும் என்றாய். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இன்னொரு வேலை என் தலையில் விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பாஷா மாமாவிடம் சொன்னேன். அவரும் உங்கப்பாவோடு அதே லைனில் நின்றவர்தானே, உடனே பிடித்துக்கொண்டார். "அக்கா, மூணு சக்கரத்து ஸ்டாண்டு வாணாம், பழைய இரும்பு இன்ஜினு, கனம் ஜாஸ்தி, குப்புறக் கவுந்துடும். நாலு சக்கரம் வெச்சது நானே பாத்து எடுத்தாறன்" என்று சொல்லிக் கொண்டுவந்து இறக்கினார். இரும்புக் கால்கள், நடுவில் ஒரு தூண், தூணின் தலையில் வட்டமாகச் சுற்றுகிற ஒரு தகடு, அதில் நான்கு கை. அந்தக் கைகளை இன்ஜினின் பின்பக்கத்தில் முடுக்கிவிட்டால் இன்ஜின் காற்றில் நிற்கும், வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம், திருப்பிய பிறகு அசையாமலிருக்க ஒரு இரும்புப் பின் செருகவேண்டும். இவ்வளவும் இப்போது எனக்குத் தெரியும், பார்த்துக்கொள்.

இன்ஜினை எடுத்த அன்று பாஷா மாமாவும் அவர் கடை ஆள் திம்மராயனும் ஆயிலை வடித்து, கியர்பாக்ஸைக் கழற்றி, இரும்பு முக்காலி நட்டுச் செயின் போட்டுத் தூக்கினார்கள். உங்கப்பா ஓரமாக நாற்காலியில் யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தால் வாங்கிக் குடித்தார். மாட்டி முடித்துவிட்டு, "அண்ணா, வாங்க, உங்க இன்ஜினு" என்று பாஷா மாமா கூப்பிட்டார். எழுந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பாஷா மாமா முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அவ்வளவுதான், இதுவும் வீண் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் சாப்பிடக்கூட இல்லை, துக்கத்தில் இல்லை, சோறு போட்டுக்கொள்ளவே அலுப்பாக இருந்தது.

மறுநாள் கேட்டை ஆட்டி ஓய்ந்த பிறகு அவராகவே ஷெட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே போய், தூணில் வழிந்திருந்த பழைய ஆயிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா நின்றால் அவருக்குக் கோபம் வரும், அதனால் துடைத்தேன். அவர் அந்தப் பின்னை உருவிவிட்டார். பாரம் நடுவில் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, இன்ஜின் தானாகவே தடாலென்று சுற்றி இறங்கியது. என் வலது கை, விரல்கள், தூணுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஜெயா, அந்த நேரத்தில் உங்கப்பா எப்படி இருந்தார் தெரியுமா. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டம்ளரைத் தேடுகிற மனிதர், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி நீளமான கம்பியை எடுத்தார், தகட்டில் கொடுத்து நெம்பினார், மறு கையால் பின்னைச் செருகினார். என் கை வெளியே வந்துவிட்டது. "பயப்படாதிங்க, ஒண்ணும் இல்ல, கைய மேல தூக்கிப் புடிங்க" என்றார். தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். ஷெட்டைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, கம்பெனி ஃபர்ஸ்ட் எய்ட் ரூமைத் தேடினார். கடைசியில் நான்தான் சமையலறைக்குத் திருப்பினேன். தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியைக் கட்டிவிட்டு என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் யாரென்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கேட்டார், "நீங்க எந்த டிபார்ட்மெண்டுங்க? புதுசா சேந்திருக்கிங்களா?"

எனக்கு விரல் வலித்ததா அது வலித்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன். ஆமாங்க, புதுசுதான் என்று. அவருக்கு அதில் ஒரு திருப்தி. "அதான். லைனுக்கு வளையல் போட்டுகினு வரக்கூடாது. முந்தானைய நல்லா சொருவிக்குங்க. நா திருப்பறப்ப கைய எங்க வெக்கறதுன்னு கேட்டுட்டு வெய்யிங்க" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து ஒருநாளும் என்னை வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை அந்த மனிதர். பாஷா மாமா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு விரலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது, இன்னொன்றில் நகம் போய்விட்டது. இப்போது ஆறிவிட்டது, நீ பதறாதே. பேனாவை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். தன்னால்தான் ஆனது என்று பாஷா மாமா தலையில் அடித்துக்கொண்டார். திரும்பவும் செயின் போட்டுத் தூக்கி, அந்த நான்கு கைகளையும் மாற்றி வைத்து, ஒரு கையால் தள்ளினாலே சுற்றி, விட்ட இடத்தில் நிற்கிற மாதிரி செய்துவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து நான் கண்ணாடி வளையல் போடுவதில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், எதிர்வீட்டு பிரியா நேரிலேயே கேட்டுவிட்டாள், பார்க்கட்டும், கேட்கட்டும். காலையில் அவர் யூனிஃபாரம் போட்டதும் நானும் உன் பழைய காலேஜ் சட்டை ஒன்றைப் புடவைமேல் மாட்டிக்கொள்வேன். பஸ்ஸுக்குப் போகவேண்டாமா என்பார், கம்பெனியை இங்கேயே மாற்றிவிட்டார்கள் என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். மதியம் வரைக்கும் வேலை. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் துடைத்துத் தட்டில் அடுக்குவார், திரும்ப முடுக்குவார். எனக்குச் சொல்லிக்கொடுப்பார், மறந்துவிட்டு மறுநாளும் அதையே சொல்லிக்கொடுப்பார். எல்லாவற்றையும் முடுக்கி முடித்துவிட்டார் என்றால் அடுத்த நாள் வேலையில்லாமல் தவித்துப்போய்த் திரும்பக் கேட்டுக்குப் போய்விடுகிறார். அதனால் சாயங்காலம் அவர் டிவி பார்க்கிற நேரத்தில் நான் ஷெட்டுக்குப் போய் அவர் முடுக்கியதை எல்லாம் தளர்த்திவிட்டு வருகிறேன். எதைத் தளர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்று பாஷா மாமா சொல்லியிருக்கிறார். இந்தக் கையை வைத்துக்கொண்டு அது லேசான வேலை இல்லை. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் வீடியோ அனுப்பு என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அது ஸ்டார்ட் ஆகாது கண்ணு. ஸ்டார்ட் ஆகிவிட்டால் நாங்கள் என்ன செய்வது.

எல்லா நாளும் இப்படிப் போகிறது என்று நினைத்துவிடாதே. சில நாள் ஸ்பேனரைத் தூக்கி எறிகிறார். சூப்பர்வைசரிடம் சொல்லி உன்னைத் தூக்கிவிடுகிறேன் என்று என்னை மிரட்டுகிறார். அப்போதெல்லாம் மரியாதை கிடையாது. போன வாரம் அப்படி ஒரு நாள், எனக்கு வந்த கோபத்தில் நான் சரி என்று சொல்லிவிடலாம், சர்ஜாபூருக்கே போகட்டும் என்று முடிவு செய்து, இந்தக் கடிதத்தை அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். நேரில் சொல்ல வாய் வராது, எழுதிவிடலாம் என்று. ஆனால் முந்தாநாள் மதியம் என்ன ஆயிற்று என்றால், ஷெட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருக்கிறதா என்றேன். நன்றாக இருக்கிறது, ஆனால் என் சம்சாரம் வைக்கிற மாதிரி இல்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்க சம்சாரம் எப்படி என்று கேட்டேன், விளையாட்டாகத்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவ கோவக்காரிங்க. ஓவர்டைம் பாக்க மாட்டன்றியே, சோம்பேறின்னு திட்டுவா. ஆனா நா வூட்டுக்குப் போற வரைக்கும் சாப்பிடாம உக்காந்திருப்பா. சொன்னாலும் கேக்க மாட்டா. அதனாலதான் நா ஓவர்டைம் எழுதிக்கறதில்ல. அவகிட்ட சொல்லல, சொன்னா சாப்புட்டன்னு பொய் சொல்லுவா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போலாங்க, உங்களுக்கும் வூட்ல யாராச்சும் காத்துகினு இருப்பாங்க இல்ல" என்றார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தட்டுக் கழுவுகிற மாதிரி ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை வருஷம் அந்த மனிதரைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன், உனக்கே தெரியும், நீயும் கேட்டிருக்கிறாய்.

அதனால் சர்ஜாபூர் வேண்டாம். என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை, என் உடம்பு எதுவரைக்கும் என்று எனக்கும் தெரியாது. இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஜெயா, எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. உன்னிடம் சேலை கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை, நீ ஒருமுறை வந்துவிட்டுப் போ. நீ வந்து இரண்டு நாள் ஷெட்டில் நின்றால் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். வேறெதுவும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் குட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வா.

நீங்கள் மூவரும் ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இருக்கவேண்டும், உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கவேண்டும். ஸோயாவுக்குச் சமைக்கத் தெரியாது, அவள் அம்மா காத்தூன் அதை நினைத்தே அழுதுகொண்டிருக்கிறாள், வாரம் ஒருநாளாவது கூப்பிட்டுச் சோறு போடு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நீ இங்கே வந்து இறங்கியதும் அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்காதே, அவர் மிரண்டுபோவார். முடியை இறுக்கிக் கட்டிக்கொள், கம்மல் வளையலைக் கழற்றி வைத்துவிடு, ஷெட்டு வாசலில் நின்று, புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் சார் என்று சொல். எங்கே கை வைக்கவேண்டும் என்று அவர் சொல்லுவார். அவர் சொல்கிற இடத்தில் வை.

இப்படிக்கு,
உன் அம்மா
ருக்மணி முனிவேல்